வெளுத்த கப்பிகள்

ஜனவரியில் ஒரு சாயங்காலம், மீன் சூப்புக் கிண்ணத்தை வலது கையால் தள்ளி வைத்துவிட்டு ஐவின் சொன்னான்.

"படகை வித்துடு, தோருன்."

அவன் மனைவி தோருன் கரண்டியைக் கீழே வைத்தாள். போன ஆகஸ்டில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. நடையும் ஒரு தடியின் துணையோடு திரும்பிவிட்டது. இடது கை மட்டும் யாருடையதோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து படகைப் பற்றி அவன் வாயே திறந்ததில்லை. லொம்வி என்று பெயர் அதற்கு. ஆறு மீட்டர் நீளம், ஒற்றைப் பாய்மரம், இருபத்திரண்டு வருடம் அவர்களோடு இருந்த படகு. படகுச் சங்கத்தின் முற்றத்தில், மரத் தாங்கிகளின் மேல், தார்ப்பாய்க்குள் பனி சுமந்து கிடந்தது.

"மே மாசம் ஒரே ஒரு தடவை வந்து பாரு. பாத்துட்டு அப்பவும் வித்துடுன்னு சொன்னா, அன்னைக்கே வித்துடறேன்" என்றாள்.

"நெஜமா?"

"நெஜமா."

அவன் தலையாட்டினான். சூப்பு ஆறிப் போயிருந்தது. அவனுக்குப் படகு வேண்டாம் என்பது அவளுக்குப் பெரிய பயமில்லை. இருபத்திரண்டு வருடமாக அவர்கள் இரண்டு பேரும் மனம் விட்டுப் பேசியதெல்லாம் அந்தப் படகில்தான். சண்டை போட்டதும் அங்கேதான். அது போய்விட்டால் இந்தச் சாப்பாட்டு மேசையும் இந்த மௌனமும்தான் மிச்சம்.

ஏப்ரல் பிறந்ததும் ஊரே படகு முற்றத்துக்கு வந்துவிடும். நாடே ஊர்வலம் போகும் மே பதினேழு கொடி நாளுக்கு முன்னால் படகு தண்ணீரில் இல்லையென்றால் அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். தோருன் மூக்குக்கண்ணாடிக் கடையில் மத்தியானம் வேலை முடிந்ததும், ஐவின் கைப்பயிற்சிக்குப் போகிற நாளாகப் பார்த்து முற்றத்துக்கு வந்தாள். அடிப்பாகத்தைச் சுரண்டினாள், சாயம் பூசினாள், பக்கங்களை மெழுகு போட்டுத் தேய்த்தாள். எவ்வளவு தேய்த்தாலும் படகு கிழடு தட்டியே தெரிந்தது. காரணம் மேல்தளத்தில் இருந்தது. கயிறு ஓடும் கப்பிகள், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பல்கட்டைகள், சுக்கான் பிடியின் நுனி, எல்லாம் ஒரு காலத்தில் கறுத்த பிளாஸ்டிக். வெயிலும் உப்பும் தின்று, சில சாம்பலாகவும் சில மாவு பூசினாற்போலவும் வெளுத்துக் கிடந்தன. தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டியது.

பெயிண்ட் உரிக்கும் ஹீட் கன்னைக் காட்டினால் வெளுத்த பிளாஸ்டிக் கறுத்துவிடும் என்று ஃபோனில் ஒரு வீடியோவில் பார்த்தாள். குட்முன்டிடம் கருவியை இரவல் கேட்டாள். சங்கத்தில் கிரேன் ஓட்டுகிறவர், யாரையும் சும்மா விடாதவர்.

"எதுக்கும்மா? ஐவினுக்கு முடி காய வைக்கவா?"

"உங்க வாயைக் காய வைக்க."

"அதுக்கு இந்த மிஷின் பத்தாது" என்று எடுத்துக் கொடுத்தார்.

முதல் கப்பியின் மேல் சூடான காற்று பட்டதும் தோருன் மூச்சை நிறுத்திக்கொண்டாள். வெள்ளை பின்வாங்கியது. உள்ளே எங்கேயோ ஒளிந்திருந்த கறுப்பு ஈரம் போல மேலே எழும்பி வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடையில் அன்றைக்கு வாங்கியது போல ஆயிற்று. ஒரு இடத்தில் கொஞ்சம் கிட்டே பிடித்துவிட்டாள், ஓரம் உருகிப் பளபளத்தது. அப்புறம் தூரம் பழகிவிட்டது. நான்கு நாளில் படகு முழுக்கக் கறுத்துவிட்டது. கடைசி நாள் ஏணியிலிருந்து இறங்கித் திரும்பிப் பார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடம்பு தேறி எழுந்து உட்கார்ந்த ஆளைப் போல இருந்தது லொம்வி.

மே ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. படகு இறக்கும் நாள். படகுகள் வரிசையில் நின்றன, கிரேன் உறுமியது, மரப்பலகையின் மேல் வாஃபிள்களும் பழுப்புச் சீஸும் காபிக் குடுவைகளும். ஐவின் தடியை ஊன்றிக்கொண்டு தாங்கிகளுக்கு இடையே வந்தான். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவனைப் பார்த்த எல்லோரும் தோளைத் தட்டினார்கள்.

"அடடா, பழைய ஐவின் அப்படியே வந்துட்டானே!"

"ஆளு பாக்க சூப்பரா இருக்கான்!"

குட்முன்ட் கிரேன் பட்டையைப் பிடித்துக்கொண்டே கத்தினார். "படகும் புதுசு, படகுக்காரனும் புதுசு! தோருன், ரெண்டு பேருக்கும் என் மிஷினையா காட்டின?"

எல்லோரும் சிரித்தார்கள். தோருனும் சிரித்தாள். ஐவின் சிரிக்கவில்லை.

அவள் பிடித்துக்கொள்ள, அவன் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே உட்கார்ந்தான். மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். வலது கட்டைவிரலை ஒரு கப்பியின் மேல் அழுத்தித் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தான். விரல் சுத்தமாக இருந்தது. அடுத்த கப்பி. அதற்கடுத்தது. விரல் சுத்தமாகவே இருந்தது.

"இதெல்லாம் மாத்திட்டியா?"

"இல்ல. பழசுதான். சூடு காட்டினேன். கறுப்பு தானா மேல வந்துடுச்சு." குரலில் சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை. "எப்படி இருக்கு?"

அவன் முன்பாயின் கயிற்றை எடுத்து இடப்பக்கப் பல்கட்டைக்குள் போட்டு அவளிடம் நீட்டினான். "இழு. காத்து இழுக்கற மாதிரி. மொத்த பலத்தோட."

அவள் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். பட்டென்று ஒரு சத்தம். பல்கட்டை இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு தளத்தில் தெறித்து உருண்டது. உடைந்த இடத்தில் உள்ளே சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளிறியிருந்தது. கறுப்பு ஒரு காகிதத்தின் தடிமன்கூட இல்லை.

"ஒவ்வொரு செப்டம்பரும் விரலால தேச்சுப் பாப்பேன்" என்றான் ஐவின், மெதுவாக. "வெள்ளையா மாவு ஒட்டினா அது செத்துப் போச்சுன்னு அர்த்தம். மாத்தணும். போன செப்டம்பர் நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். எதை மாத்தணும்னு அதுங்களே எழுதி வெச்சிருந்துது, தோருன். நீ அழிச்சிட்ட."

கீழே குட்முன்ட் கூப்பிட்டார். "அடுத்தது லொம்வி! பட்டையைப் போடலாமா?"

தோருனுக்கு முகம் எரிந்தது. திறந்த கடலில், காற்று ஏறும் நேரத்தில், ஒற்றைக் கையோடு இவன் சுக்கானில் இருக்கும்போது அந்தக் கட்டை பிளந்திருந்தால்? நினைத்துப் பார்க்க முடியவில்லை. எட்டிக் குனிந்து, "இந்த வருஷம் எங்களை விட்டுடுங்க, குட்முன்ட்" என்றாள்.

அவர் பட்டையைச் சுருட்டினார். அப்புறம் கிரேன் அடுத்த படகுக்கு நகர்ந்தது.

இருவரும் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். அவள் சாவியைத் திருப்பவில்லை.

"நீ பாத்தாச்சு" என்றாள். "சொல்லு. வித்துடட்டுமா? சொன்ன சொல் மாற மாட்டேன்."

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "படகு மேல எனக்கு என்ன கோபம்? எல்லாரும் எனக்கும் அதையேதான் செய்யறீங்க. சூப்பரா இருக்கே, புதுசா இருக்கே. காலைல சட்டைப் பட்டன் போட எனக்கு இருபது நிமிஷம் ஆவுது, உனக்குத் தெரியுமா? தெரியும். நீ கதவுக்கு வெளியில நின்னுட்டு இருப்ப. நான் வந்ததும், அட, அழகா இருக்கியேம்ப."

"நான் வேற என்ன சொல்றது?" அவள் குரல் உடைந்தது. "எனக்குப் பயம், ஐவின். நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லி நானே நம்பப் பாத்தேன். அந்தக் கப்பி கறுப்பானப்போ எவ்ளோ அழுதேன் தெரியுமா? அவ்ளோதான், எல்லாம் சரியாயிடுச்சுன்னு."

அவன் அவள் பக்கம் திரும்பினான். ஜனவரிக்குப் பிறகு முதல் முறையாக முழுதாகத் திரும்பினான்.

"இடது கையால கயித்தைப் பிடிச்சா, பிடிச்சிருக்கேனா இல்லையான்னு எனக்குத் தெரியல" என்றான். "கண்ணால பாத்தாதான் தெரியுது. அதனாலதான் வித்துடுன்னேன். கடல்ல போயி கையையே பாத்துட்டு உக்கார முடியுமா?"

இதை அவன் வைத்தியரிடம்கூடச் சொன்னதில்லை. தோருன் அவனுடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது சில்லென்று இருந்தது. சில்லென்று இருக்கிறது என்றே சொன்னாள். அவன் லேசாகச் சிரித்தான்.

"எது எது செத்துப் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டாள்.

"இப்போ ஒரே வழிதான். ஒண்ணொண்ணா கழட்டி, பலமா இழுத்துப் பாக்கணும். உடையறது உடையட்டும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"உன் லட்சணத்துக்கு? ஜூன் ஆயிடும்."

கொடி நாளன்று முற்றம் காலியாக இருந்தது. வெறும் தாங்கிகள், காய்ந்த சாயத் துளிகள், நடுவில் லொம்வி மட்டும். ஊருக்குள்ளிருந்து பள்ளிக்கூட பேண்டு சத்தம் காற்றில் வந்து வந்து போனது. ஐவின் சூட்டுப் போட்டு, மார்பில் மூவர்ண ரிப்பன் குத்தி, படகுக்குள் உட்கார்ந்திருந்தான். தோருன் திருநாள் பாவாடையின் மேல் வேலைக் கோட்டை மாட்டிக்கொண்டு திருப்புளியோடு மண்டியிட்டிருந்தாள். அவன் பக்கத்தில் இரண்டு காபி டப்பாக்கள். ஒன்றில் உடைந்தவை, மற்றதில் தாங்கியவை. உடைந்த டப்பா நிறைந்துகொண்டிருந்தது.

குட்முன்ட் வெள்ளிப் பொத்தான் வைத்த கோட்டில், கையில் ஐஸ்கிரீமோடு வேலிப் பக்கம் வந்தார். "ஊரே ஊர்வலத்துல இருக்கு. நீங்க ரெண்டு பேரும் தரையில படகு ஓட்டறீங்களா?"

"உங்க மிஷின் பண்ணின வேலை" என்றான் ஐவின்.

அவர் பார்வையை ஐஸ்கிரீமுக்குத் தாழ்த்தினார். "அன்னைக்கு நான் புதுசுன்னு சொன்னது... வாய் நிக்காதுப்பா எனக்கு."

"விடுங்க. ஜூன் இருபதுக்குக் கிரேன் கிடைக்குமா?"

தோருனின் கையில் திருப்புளி நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கெடைக்கும்" என்றார் குட்முன்ட். "உங்க ஒரு படகுக்காக வரேன். வாஃபிள் மட்டும் நீங்க போடணும்." போய்விட்டார்.

புதிய பல்கட்டை ஒன்றை இடப்பக்கத்தில் திருகி முடித்தாள். ஐவின் கயிற்றின் நுனியை எடுத்து, வலது கையால் இடது கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"இழு" என்றான். "பிடிச்சிருக்கேனா?"

அவள் இழுத்தாள். கயிறு தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆமாம் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல" என்றாள்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. தலையசைத்தான். "மறுபடி வை."

அவள் வைத்தாள். விரல்களைத் தானே மடக்கிவிட்டு, இழுத்தாள். ஊருக்குள் பேண்டு நின்று, குழந்தைகளின் கூச்சல் கேட்டது.

"இப்போ?"

"கொஞ்சம்" என்றாள் தோருன். "ரொம்பக் கொஞ்சம். ஆனா பிடிச்சிருக்க."

"சரி" என்றான். "இன்னொரு தடவை."