ஏழு மணிக்குச் செம்பருத்தி

லூர்தம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். இல்லாவிட்டால், செடி ஒரு மொட்டுகூட விடாத ஆகஸ்ட் மாசத்திலேயே, தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபம் சொல்லும் அன்பியக் கூட்டத்தில், "மாதா எங்க ஊட்டுக்கு வர்றப்ப பாருங்க, அஞ்சு கலர்ல செம்பருத்தித் தோட்டமே நிக்கும்" என்று சொல்லி வைப்பாளா?

பாவம், அவள் ஆசையிலும் நியாயம் இருந்தது. அக்டோபர் முழுக்க ஜெபமாலை மாதா சொரூபம் நாளைக்கு ஒரு வீடாக, சாயங்காலம் ஏழு மணிக்கு வரும். பதினோரு வருஷம் வாடகை வீட்டில் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. கூட்டம் மாடியேறி வருவது ஓனருக்கு ஆகாது. இப்போதுதான் பருத்திப்பட்டில் சொந்தமாக ஒரு சின்ன வீடு, வாசலில் கொஞ்சம் மண். முதல் தடவையாக மாதா அவள் வீட்டுக்கு வரப்போகிறார்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டாள். சுவரோரம் உயரமாகச் சிவப்பு, அதற்கு முன்னால் ரோஸ், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள். மாதாவை வைக்கும் மேசையைச் சுற்றி வெள்ளை. நர்சரிக்காரர் கன்னியப்பனிடம் வாங்கிய இருபது செடியையும் புருஷன் டேவிட்தான் தன் ஆட்டோவில் ஏற்றி வந்தான். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"இன்னாமே, மாதா டிராயிங் பரீட்சையா வெக்கப் போறாங்க? நீலம் எங்க?"

"நீலம் அவங்களே போத்திகினு வருவாங்க. நீ மண்ணைக் கொட்டுய்யா."

செடியெல்லாம் ஜம்மென்று வந்தது. தினமும் காலை ஆறரைக்கு அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கிளம்பும்போது, விரியத் தொடங்கும் பூக்களைப் பார்த்துவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா வீட்டுக்கு ஓடிவிடுவாள். மாதா வருவதற்கு முந்தின நாளான ஞாயிறுதான், வீடு கழுவ வேண்டுமென்று தங்கினாள். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு பூ பாக்கியில்லாமல், மடக்கின குடை மாதிரி சுருண்டு தொங்கியது.

அட கடவுளே! அஞ்சு மணிக்கே மூடிக்கொள்கிற பூவை வைத்துக்கொண்டா ஏழு மணிக்குத் தோட்டம் காட்டப் போகிறாள்? மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். "ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேனேய்யா. மொத மொதல்ல வர்றாங்க, சருகைக் காட்டி வரவேற்கவா?"

வேறு நாளாக இருந்தால் டேவிட் ஒரு வாரத்துக்குக் கிண்டலடித்திருப்பான். அன்றைக்கு, "மூஞ்சியக் கழுவினு வந்து சாப்புடு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனான்.

மறுநாள் லீவு கேட்டாள். ஷிப்மென்ட் போகணும் என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். திரும்பும்போது ஆவடி ஸ்டேஷன் வாசலில் ரெண்டு முழம் சாமந்தி வாங்கிக்கொண்டு, யாருக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தபடியே வீட்டுக்கு வந்தாள்.

கேட்டைத் திறந்தால், தோட்டம் மொத்தமும் பூத்திருந்தது. சிவப்பு, ரோஸ், ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை, அவள் போட்ட வரிசை மாறாமல். ஒரு பூவைத் தொட்டாள். ஐஸாகச் சில்லிட்டது. பூவுக்குப் பின்னால் ஒரு ஈர்க்குச்சி.

சமையலறைக்கு ஓடினாள். தோசை மாவு, பால், மீன் குழம்பு எல்லாம் தரையில் கிடந்தன. ஃபிரிட்ஜ் காலி.

"கன்னியப்பன் சொன்னாரு" என்றான் டேவிட். காக்கிச் சட்டைப் பையில் காலண்டர் தாள் எட்டிப் பார்த்தது. "காலைல விரியும்போதே பறிச்சு ஃபிரிட்ஜ்ல வெச்சா ராத்திரி வரைக்கும் வாடாதாம். அறுபத்தி மூணு பூ. உன் படத்தைப் பாத்துதான் சொருவினேன்."

"சவாரிக்குப் போவலியா?"

"மாதா வர்ற நாள்ல இன்னா சவாரி."

அதற்குள் தெருமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டது.

மாதா வந்தார். ஜெபமாலை முடிந்தது. எல்லாரும் தோட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். லூர்தம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. அப்போதுதான் அன்பியத் தலைவி பிலோமினாக்கா மூலையைக் காட்டினாள்.

"எல்லாம் சரி லூர்து. கறிவேப்பிலைச் செடியில எப்டிம்மா செம்பருத்தி பூத்துச்சு?"

மிஞ்சிப்போன ஒரு பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்த மனுஷன் அதில் சொருகியிருந்தான். குபீரென்று சிரிப்பு. டேவிட் தலையைக் குனிந்துகொண்டான். ரெண்டு மாசமாக அடித்த தம்பட்டம் அந்த ஒரு பூவில் தொங்கியது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், அந்த வாய்க்கு அது ஒன்றும் பெரிசில்லை.

"அது பூக்கலக்கா" என்றாள் லூர்தம்மாள். "எதுவுமே இப்ப பூத்தது இல்ல. எல்லாம் சாயங்காலமே சுருண்டுடும், எனக்குத்தான் தெரியல. நான் நேத்து அழுதேன்னு, இந்த மனுசன் ஒண்ணொண்ணா சொருவி வெச்சிகீறாரு."

அத்தனை பேர் முன்னாலும் அவன் கையைப் பிடித்து விரித்துக் காட்டினாள். விரலெல்லாம் ஈர்க்குச்சி குத்தின சிவப்புப் புள்ளிகள். சிரிப்பு நின்றுவிட்டது.

பிலோமினாக்கா திரும்பித் தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.