அண்ணி போடாத பந்து

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த எல்லாப் பெண்களும் அவளை அண்ணி என்றே கூப்பிட்டார்கள். உண்மையில் அவள் ஒருத்திக்குத்தான் அண்ணி. கணவனின் தங்கை அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டி, "அண்ணி, சோப்புத் தூள் எங்க இருக்கு?" என்று கத்தினாள். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் மிஞ்சியது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த மேற்பார்வையாளர்கூட ஒருநாள் வாய் தவறி அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

தங்கைக்கு நெட்டை என்று பெயர் வந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அந்தக் கட்டடத்தின் கதவு நிலைகள் எல்லாம் அவளை மட்டும் தலைகுனிய வைத்தன.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான கூடைப்பந்துப் போட்டி அந்த ஊரில் ஆண்டுதோறும் நடக்கும். சலவைக்கூடத்து அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் பாய்லர்காரர். இளவயதில் நன்றாக ஆடியவர். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நெட்டை வளையத்துக்குப் பக்கத்தில் நின்று புள்ளி எடுப்பாள். அண்ணிதான் பாயிண்ட் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு வருவதும், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்வதும் அவள் பொறுப்பு. அவள் கொடுத்தால் வாங்குகிறவள் கையை நீட்ட வேண்டியதில்லை. விரித்து வைத்திருந்தால் போதும், பந்து வந்து உட்காரும்.

அவளிடம் ஒரே குறை. வளையத்தை நோக்கிப் பந்து போட அவளுக்கு வராது. ஈரத்துணி மூட்டையை இயந்திரத்துக்குள் தள்ளுவதுபோல இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து தள்ளுவாள். போன ஆண்டு ஓர் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் யாரும் தடுக்காமல் போடக்கூடிய இரண்டு இலவச வீச்சுகள் அவளுக்குக் கிடைத்தன. முதலாவது பலகையின் உச்சியில் பட்டது. இரண்டாவது வளையம் வரைக்கும் போகவில்லை. பார்வையாளர் வரிசையில் யாரோ, "அக்கா, அதைக் கூரியர்ல அனுப்பிருக்கலாம்" என்றான். வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவள் காதில் குடியேறிவிட்டது. அதற்குப்பின் ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து கைக்கு வந்தால், சுடுகிற பாத்திரத்தைப் போல யாரிடமாவது கொடுத்துவிட்டால் போதும் என்றிருக்கும்.

எதிரணிகளுக்கு இது தெரியாமல் இருக்குமா? இந்த ஆண்டு இறுதிச் சுற்றுக்கு வந்திருந்த பஸ் டிப்போ அணியில், அண்ணியைத் தடுக்க வேண்டிய குட்டைக் கண்டக்டர் அவள் பக்கமே வருவதில்லை. நேராக நெட்டையிடம் போய் இரண்டாவது ஆளாக ஒட்டிக்கொள்வாள். ஒருமுறை அண்ணி கையில் பந்து இருக்கும்போதே குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். நிமிர்ந்து, "போடுங்கக்கா, யாரு வேணாம்னா?" என்று விசாரித்தாள்.

இறுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்கள். இரண்டில் ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தில் இருபது நொடி மிச்சமிருக்க, சலவைக்கூடம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பாய்லர்காரர் இடைவேளை கேட்டு, ஐந்து பேரையும் சுற்றி நிற்க வைத்தார்.

"அண்ணி, இந்தத் தடவை நீ போடு."

"நானா?"

"நீதான். உன்னை அம்போன்னு விட்டுட்டு ரெண்டு பேர் நெட்டை மேல விழுவாங்க. விழட்டும். நீ போடுவேன்னு அவங்க கனவுலகூட நினைக்க மாட்டாங்க. உள்ள போனா சந்தோஷம். போகலைன்னா, பந்து எப்ப வெளிய வரும்னு நம்ம நாலு பேருக்கு முன்னாடியே தெரியும், அவங்களுக்குத் தெரியாது. முதல்ல குதிக்கிறது நாமதான். விழாத பந்தும் நமக்கு உபயோகம்தான். புரியுதா?"

அண்ணி தலையாட்டினாள். நெட்டை அவள் தோளைத் தட்டினாள்.

பாய்லர்காரர் சொன்னது அப்படியே நடந்தது. கண்டக்டர் நெட்டையிடம் போய்விட்டாள். அண்ணிக்கு முன்னால் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. வளையம் நேராகத் தெரிந்தது. பதினொன்று, பத்து, ஒன்பது என்று கூட்டம் எண்ணியது. மற்ற மூவரும் குதிக்கத் தயாராக உள்ளே நகர்ந்தார்கள். அண்ணி பந்தை நெஞ்சு வரை தூக்கினாள். காதில் அந்தச் சிரிப்பு கேட்டது. அடுத்த நொடி அவள் கை தானாக நீண்டு, இரண்டு பேருக்கு நடுவே நசுங்கி நின்ற நெட்டையிடம் பந்தைக் கொடுத்துவிட்டது.

நெட்டை எதிர்பார்க்கவில்லை. பந்து மார்பில் மோதியது. பிடித்து, திரும்பி, நாலு கைகளுக்கு நடுவிலிருந்து எப்படியோ எறிந்தாள். கண்டக்டர் அதைத் தட்டிவிட்டாள். விசில் ஊதிவிட்டார்கள்.

பாய்லர்காரர் வேகமாக வந்தார். "என்ன ஆச்சு? உன்னைப் போடச் சொன்னேனே."

அப்போது அண்ணி ஒரு வாக்கியம் சொன்னாள். யோசித்துச் சொன்னதல்ல. வழுக்குகிறவள் பக்கத்தில் இருப்பவளைப் பிடித்து இழுப்பதுபோல வந்தது.

"நெட்டை கேட்டா. அதான் குடுத்தேன்."

நம்பக்கூடிய பொய். ஆட்டத்தில் எப்போதும் "இங்க, இங்க" என்று கத்துகிறவள்தான் நெட்டை. அவள் அண்ணியைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடி. பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா. நான்தான் கேட்டேன்."

பாய்லர்காரர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "அடுத்த சனிக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வர்றாங்கன்னு சொன்னேன். அது உன் தலைக்கு ஏறிடுச்சு. கோப்பை போனாலும் பரவாயில்லை, அந்த ஆட்டத்துல நீ வெளியில உக்காரு. அப்பதான் புத்தி வரும்."

மாவட்ட அணி நெட்டைக்கு மூன்று வருட ஆசை. போன ஆண்டு கணுக்கால் சுளுக்கால் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் வரவேயில்லை. இதெல்லாம் அண்ணிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்துகொண்டாள்.

அன்று மாலை வீட்டில் விஷயம் கேள்விப்பட்ட கணவன், லிஃப்ட் மெக்கானிக், சாப்பிட்டுக்கொண்டே தங்கையைச் சீண்டினான். "பந்தைப் பாத்தா உனக்கு வாய் சும்மா இருக்காதா? உங்க அண்ணியைப் பாத்துக் கத்துக்க. எப்பவாவது தனக்குன்னு எதையாவது கேட்டிருக்காளா?"

"சரிண்ணா, கத்துக்கறேன்" என்றாள் நெட்டை. அண்ணி தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்துபோய், நிரம்பியிருந்த செம்பை மறுபடி நிரப்பினாள்.

காலையில் எழுந்ததும் ஜன்னலைப் பார்த்து நின்று இரண்டு நிமிடம் கும்பிடுவது அவள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கையைக் கூப்பினாள், வார்த்தை வரவில்லை. கேட்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. சொல்வதற்கு ஒன்று இருந்தது. அதைக் கேட்க வேண்டியவர் கடவுள் அல்ல. கொடியில் அவளுடைய ஆட்டச் சட்டை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. தோளில் ஒரு மாதமாகப் பிரிந்து கிடந்த தையலை யாரோ நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். அந்த வீட்டில் ஊசி பிடிக்கத் தெரிந்தவள் நெட்டை ஒருத்திதான். ஒரு அறை வாங்கியிருந்தால்கூட அண்ணிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை அதைவிட மோசம். படுக்கை விரிப்புகளை இரண்டிரண்டு பேராகத்தான் மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்துவந்து முனைகளைச் சேர்ப்பார்கள். அண்ணியும் நெட்டையும் எப்போதும் ஜோடி. ஒவ்வொரு விரிப்புக்கும் இருவர் முகமும் ஒரு சாண் தூரத்துக்கு வரும். ஒரு மணி நேரத்துக்கு நாற்பது விரிப்பு. அண்ணி நாற்பது தடவையும் துணியின் ஓரத்தைப் பார்த்தாள்.

அணியில் ஆடுகிற இன்னொருத்தி, இஸ்திரி மேசையிலிருந்தவள், அந்தக் கூடத்தின் வாய். அவளுக்கு வாரம் முழுக்கத் தீனி கிடைத்துவிட்டது. நெட்டை சோப்பு கேட்டால், "கேட்டுட்டாங்க, குடுத்துருங்கப்பா" என்பாள். வண்டியைத் தள்ளச் சொன்னால், "கேட்டுட்டாங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நெட்டையும் சிரிப்பாள். அண்ணி ஒருத்திதான் சிரிக்கவில்லை. அதைக்கூட அவளுடைய நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை, விரிப்பின் முனைகள் சேர்ந்தபோது அண்ணி கையை விடவில்லை.

"ஏன் அப்படிச் சொன்ன?"

நெட்டைக்கு எதைப் பற்றி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "வேற என்ன சொல்றது? இல்லைன்னு சொல்லியிருந்தா எல்லாரும் உங்களைத் திரும்பிப் பாத்திருப்பாங்க. உங்க மூஞ்சி அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"மாவட்ட அணி?"

"அடுத்த வருஷமும் வருவாங்க. அதுக்குள்ள நான் குட்டையாகிட மாட்டேன்." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கவா அண்ணி? ஒரு பந்து போடறதுக்கு அவ்வளவு பயமா?"

அண்ணி மறுபடி துணியின் ஓரத்தைப் பார்த்தாள். நெட்டை அவள் கையிலிருந்து துணியை மெல்ல உருவி, மடித்து, அடுக்கின் மேல் வைத்தாள். "விடுங்க. அடுத்ததை எடுங்க."

நல்லவர்கள் நமக்காகச் சுமக்கும்போது, அவர்கள் முனகாததால் சுமை லேசு என்று நினைத்துக்கொள்கிறோம். அன்றுவரை அண்ணியும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தாள். ஆனால் "அடுத்த வருஷமும் வருவாங்க" என்று சொல்லும்போது நெட்டை கண்ணை இரண்டு தடவை கொட்டியதை, ஒரு சாண் தூரத்திலிருந்து, அவள் பார்த்துவிட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டு நேராக பாய்லர் அறைக்குப் போனாள். அவர் ஏதோ திருகிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்தே சொல்லி முடித்தாள். முகத்தைப் பார்த்திருந்தால் முடிந்திருக்காது.

அவர் திரும்பவில்லை. கையிலிருந்ததைக் கீழே வைத்து, "நான் அந்தப் பொண்ணைத் திட்டினேனே" என்றார். பிறகு, "சரி. எனக்குத் தெரிஞ்சது போதும். சனிக்கிழமை அவ ஆடட்டும். நான் மனசு மாறிட்டேன்னு சொல்லிக்கறேன். நீ போய் வேலையைப் பாரு" என்றார்.

கதவு திறந்தே இருந்தது. அப்படியே போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணி வாசல் வரை போனாள். உள்ளே கூடத்தில் இஸ்திரிக்காரியின் குரல் கேட்டது: "கேட்டுட்டாங்கப்பா, குடுத்துருங்க." அதைத் தொடர்ந்து சிரிப்பு. பழைய சிரிப்பைவிட இது அவளுக்கு அதிகம் வலித்தது. இது அவளுக்கு வர வேண்டியது, விலாசம் மாறி இன்னொருத்திக்குப் போய்க்கொண்டிருந்தது.

தேநீர் இடைவேளையில் எல்லோரும் வண்டிகளின் விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது அவள் எழுந்து நின்றாள். டம்ளர் கையிலேயே இருந்தது.

"போன சனிக்கிழமை நெட்டை பந்து கேக்கலை. நான்தான் பொய் சொன்னேன். போடறதுக்குப் பயமா இருந்துச்சு. அவ என்னைக் காப்பாத்தறதுக்காக ஆமான்னு சொன்னா."

உலர்த்தும் இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ பொத்தான் டக் டக்கென்று தட்டியது. யாரும் திட்டவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அண்ணியின் முகம் காதுவரை எரிந்தது. உட்கார்வதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள்.

இஸ்திரிக்காரிதான் முதலில் வாய் திறந்தாள். "என்ன அண்ணி இது. மூணு நாளா நான் அந்தப் பொண்ணை வறுத்து எடுத்துட்டிருக்கேன். என் வாயை யாராவது தச்சு வச்சிருக்கக் கூடாதா?" எழுந்துபோய் நெட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பிஸ்கட்டில் பாதியை ஒடித்து அவள் கையில் திணித்தாள். நெட்டை அதை வாங்கிக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள். கண்ணில் கோபமும் இருந்தது.

"நான் மூடி வச்சதை எதுக்குத் திறந்தீங்க?"

"நீ மூடினது என் அழுக்கும்மா" என்றாள் அண்ணி. "அதை நான்தானே துவைக்கணும்."

அன்று மாலை கணவனிடமும் சொன்னாள். அவன் தங்கையின் தட்டில் தன் முட்டையை எடுத்து வைத்தான். மனைவியிடம் அன்றைக்குப் பேசவில்லை. அதுவும் நியாயம்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை நெட்டை ஆடினாள். எப்படி ஆடினாள் என்றால், மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கக் கையில் காகிதத்தோடு வந்திருந்த இரண்டு பேரும் முதல் பாதியிலேயே எழுதுவதை விட்டுவிட்டு வெறுமனே பார்க்க ஆரம்பித்தார்கள். ஆனாலும் டிப்போ விடவில்லை. கடைசி நிமிடத்தில் சலவைக்கூடம் மறுபடி ஒரு புள்ளி குறைவு. பாய்லர்காரர் சுற்றி நிற்க வைத்தார். அண்ணியின் பக்கம் பார்க்கத் தயங்கினார்.

"நானே போடறேன்" என்றாள் அண்ணி. "விழும்னு சொல்லலை. போடறேன்."

கண்டக்டர் வழக்கம்போல விலகிப் போனாள். கூட்டம் எண்ணியது. சிரிப்பு அதே காதில் அதே இடத்தில் இருந்தது, பயமும் போய்விடவில்லை. அண்ணி இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து தள்ளினாள்.

பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டு எகிறியது. நெட்டையும் இஸ்திரிக்காரியும்தான் முதலில் குதித்தார்கள். இஸ்திரிக்காரியின் விரல் நுனியில் பட்ட பந்து, பிடிபடாமல் கோட்டைத் தாண்டி உருண்டது. டிப்போ பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அண்ணி அங்கேயே நின்றாள். முகம் சுட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இது அவளுடையது. வேறு யார் தோளிலும் இல்லை.

குட்டைக் கண்டக்டர் கை கொடுக்க வந்தாள். "நல்லாத்தான் வந்துச்சுக்கா. வளையம்தான் இன்னைக்குக் கொஞ்சம் கஞ்சத்தனம் பண்ணிருச்சு."

"இல்லம்மா. எனக்கு வராது" என்றாள் அண்ணி.

காகிதக்காரர்கள் நெட்டையை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். திரும்பி வந்தவள் கையில் ஒரு துண்டுச்சீட்டு. அதில் மாவட்ட அணிக்கு வரச் சொல்லி அடுத்த மாதத்துத் தேதி ஒன்று எழுதியிருந்தது. அதை அண்ணியிடம் பத்திரமாக வைக்கக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடித்தாள்.

"அண்ணி, பந்து கொஞ்சம் குட்டையாப் போச்சு."

"ஆமா" என்றாள் அண்ணி. "நல்லாவே குட்டை."

இருவரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிரித்தவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையின் வழியாகவே வெளியே நடந்தார்கள்.