வாய் திறக்கக் கூடாத நேரம்

பெண்கள் கணவனுக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருக்கும் தீஜ் பண்டிகையன்று மதியம் மழைமேகம் பள்ளத்தாக்கை மூடிக்கொண்டது. இறங்க முடியாத விமானங்கள் மலைகளுக்கு மேலே அடுக்கடுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தன. ரேடார் அறையில் மந்திரா கார்க்கிக்கு உட்காரவே முடியவில்லை. நின்றபடியே ஒவ்வொரு விமானத்துக்கும் உயரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கேப்டன் குருங்கைப் பன்னிரண்டாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னாள். அவர் "பதினோராயிரம்" என்று திருப்பிச் சொன்னார். வேறொரு விமானி குறுக்கே பேசிய இரைச்சலில் அது அவள் காதில் ஏறவில்லை. பதினோராயிரத்தில் ஏற்கெனவே ஒரு விமானம் சுற்றிக்கொண்டிருந்தது.

திரையில் இரண்டு புள்ளிகளும் நெருங்குவதை அப்போதுதான் கண்டாள். திரும்பச் சொல்ல மைக் பொத்தானை அழுத்தப் போனாள். குருங் முந்திக்கொண்டார்.

"எச்சரிக்கைக் கருவி ஏறச் சொல்லுது. ஏறுறேன்!"

அவர் குரலுக்குப் பின்னால் "ஏறு, ஏறு" என்று அந்தக் கருவி கத்துவது கேட்டது.

மந்திரா விரலை எடுத்துவிட்டாள். இரண்டு விமானங்களின் கருவிகளும் தமக்குள் பேசி, யார் ஏறுவது, யார் இறங்குவது என்று முடிவு செய்துவிட்டால், தரையில் இருப்பவர் குறுக்கே உத்தரவு போடக் கூடாது. ஒரு விமானி கருவி சொன்னதையும் மற்றவர் அவள் சொன்னதையும் கேட்டால் மோதல்தான்.

"சரி," என்று மட்டும் சொன்னாள்.

கீழே இருந்த விமானம் மேலும் இறங்கியது. அதன் அடியில் மேகம், மேகத்துக்குள் மலைமுகடு. கருவிக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து விமானம். அந்த முகடு அவளுக்குத் தெரியும். சொல்ல வாய் துடித்தது. ஹெட்போன் கம்பியை விரலில் இறுக்கி இறுக்கிச் சுற்றினாள்.

"அக்கா, ஏதாவது சொல்லுங்களேன்!" பக்கத்து இருக்கை ரூபேஷ் பதறினான்.

"சும்மா இருடா! நான் இப்ப வாயத் தொறந்தா ரெண்டும் காலி."

புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பிறகு பிரிந்தன.

"விலகிட்டோம்," என்றார் குருங்.

"நாங்களும்தான்," என்றாள் மற்ற விமானத்தின் விமானி. "மேகத்துல ஒண்ணுமே தெரியல. ஆனா இருக்கோம்."

மேலதிகாரி வந்து ரூபேஷை அவள் இடத்தில் உட்கார வைத்தார். அவளைத் தனியே அழைத்துப் போனார்.

"காலைலேர்ந்து தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்ட. தலை சுத்திடுச்சுன்னு எழுதிடலாம். தீஜ் விரதத்த யாரு குத்தம் சொல்லப்போறா?"

"நான் விரதமே இல்ல சார். கேன்டீன்ல ரெண்டு சமோசா தின்னேன். மாமியார்கிட்டதான் விரதம்னு சொல்லியிருக்கேன்."

"அத எழுத்துல வேற குடுப்பியா?"

"குடுப்பேன். அவர் தப்பாத் திருப்பிச் சொன்னத நான் கவனிக்கல. நடந்தது அதுதான்."

விசாரணை முடியும்வரை அவள் மைக்கைத் தொடக் கூடாது என்றார்கள். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகாமல் ரூபேஷின் முதுகுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு விமானங்களும் தரை தொட்ட பிறகுதான் வெளியே வந்தாள்.

பயணிகள் மழைக்குத் தலையை மூடிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருவன் போனில் கத்திக்கொண்டு போனான்.

"திடீர்னு தூக்கி அடிச்சான்யா! டீயெல்லாம் சட்டைல. ஓட்டத் தெரியாதவன்லாம் பைலட்டு!"

அவன் டாக்சியில் ஏறும்வரை மந்திரா அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.