கல் படாத கேரவன்

ஆஸ்திரேலியாவின் பாலைவன ஊரான மரீயிலிருந்து கிளம்பிய அன்று காலை, ராய்ஸ் டோல்ஹர்ஸ்ட் முக்கால் மணி நேரம், வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடான கேரவனுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார். வெளியே நின்ற நெரிடாவுக்குக் கணவனின் இரண்டு பூட்ஸ்கள் மட்டும்தான் தெரிந்தன. அவ்வப்போது ஒரு கை வெளியே நீளும். அவள் டேப் சுருளையோ திருகியையோ அதில் வைப்பாள். கை உள்ளே போய்விடும்.

மண் சாலையில் கேரவன் இழுத்துப் போகிறவர்களுக்குச் சொந்த வண்டியின் பின்சக்கரம்தான் முதல் எதிரி. அது அள்ளி வீசுகிற கல் கேரவனின் நெற்றியில் போய் மோதும். மோதிய வேகத்தில் திரும்பி வந்து, இழுக்கிற வண்டியின் பின்கண்ணாடியையே உடைக்கும். போன வருஷம் அவர்களுக்கு அப்படித்தான் ஆனது. கண்ணாடி முழுவதும் தூளாகி, வண்டியின் பின்பக்கம் வைத்திருந்த துணி, போர்வை, ரொட்டிப் பெட்டி என்று எல்லாவற்றிலும் செம்மண் ஏறிக்கொண்டது.

பெண்டிகோ ஊரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து ராய்ஸுக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. வண்டிக்கும் கேரவனுக்கும் நடுவில் சாய்வாக ஒரு கெட்டி வலை. நாலு சக்கரத்துக்கும் பின்னால் தரையைத் தொடுகிற மாதிரி ரப்பர் மடல்கள். கேரவனுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்க்கு ரப்பர் உறை. கேஸ் சிலிண்டர்களின் மூக்குக்கு ஒரு தகரத் தொப்பி. புதிதாகப் போட்ட பின்கண்ணாடியின் மேல் இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச், அதன் மேல் அட்டை, சுற்றிலும் டேப். முப்பது வருஷம் பள்ளிக்கூடங்களில் கதவும் குழாயும் பழுது பார்த்த கை அது. ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடாது என்று நெரிடா எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கேரவன்காரர் கிளெம், கையில் டீக் குவளையோடு வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன ராய்ஸ், சண்டைக்கா போற? கல்லுக்கு இவ்வளவு பயந்தா கேரவன வீட்டு அலமாரியில வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கலாமே."

மற்ற நாளாக இருந்தால் ராய்ஸ் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று அடியிலிருந்து டேப் கிழிக்கிற சத்தம்தான் வந்தது. கிளெம் நெரிடாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் தோளைக் குலுக்கினாள்.

மண் பாதையில் இறங்கியதும் டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டு அறுபதில் போனார்கள். அதுவும் அவருடைய கணக்குதான். காற்று குறைந்தால் டயர் கல்லின் மேல் மெத்தென்று ஏறும், வேகம் குறைந்தால் கல் எகிறாது. இரண்டு பக்கமும் கருஞ்சிவப்புக் கல் வெளி, அதில் சாம்பல் நிற உப்புப் புதர்கள். எப்போதோ கைவிடப்பட்ட ரயில் பாதையின் இடிந்த பாலங்கள் கூடவே வந்தன.

இரண்டாவது மணி நேரத்தில் நெரிடாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ராய்ஸ் பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. நேராகவே விட்டார். ஒவ்வொரு தடவையும் கேரவன் பின்னால் தூக்கிப் போட்டது.

"முன்னால பள்ளம்," என்றாள்.

"பாத்தேன்."

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. அலமாரிக்குள் தட்டுகள் உருண்டன.

வழியில் கவர்ட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பேரீச்ச மரங்களுக்கு அடியில் நிறுத்தி, உப்புக் கறி வைத்த ரொட்டியைத் தின்றார்கள். அவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றும்போது பாதி குவளைக்கு வெளியே போனது. துடைத்துக்கொண்டார்.

"மத்தியானத்துக்கு மேல நான் ஓட்டுறேன்," என்றாள் நெரிடா. "நீ கொஞ்சம் கண்ண மூடு."

"பின்னால கேரவன் இருக்கு நெரி. இது நீ மார்க்கெட்டுக்குப் போற ரோடு இல்ல."

"கத்துக்கிட்டா வந்துட்டுப் போகுது."

"அடுத்த வருஷம் கத்துக்க." அவர் எழுந்துபோய் வலையின் கொக்கிகளை மறுபடியும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

மூன்று மணி இருக்கும். அடுத்த ஊரான வில்லியம் கிரீக் இன்னும் முப்பது கிலோமீட்டர். தூரத்தில் ஒரு தூசிப் புகை எழும்புவதை நெரிடா பார்த்தாள். கீழே வெள்ளையாக ஒரு வண்டி.

"எதிர்ல வண்டி வருது."

"தெரியுது."

எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்குவதுதான் அந்தப் பாதையின் வழக்கம். ராய்ஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒதுங்கவும் இல்லை. நடுப்பாதையில் போய்க்கொண்டே இருந்தார். எதிர் வண்டி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது.

"ராய்ஸ், ஒதுங்கு."

"எங்க இருக்கு?"

அந்தக் கேள்வியை அவள் சரியாக வாங்கிக்கொள்ள நேரமில்லை. "ராய்ஸ்!" என்று கத்தி ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போனாள். அவர் அதற்குள் படாரென்று இடது பக்கம் ஒடித்தார். சக்கரங்கள் ஓரத்துத் தளர்ந்த கல் குவியலில் ஏறி அரைத்தன. கேரவன் ஒரு பக்கமாக வீசி இழுத்தது. வெள்ளை வண்டி அவர்களை உரசுகிற மாதிரி கடந்தபோது, சடசடவென்று கல் அடிக்கிற சத்தமும், அதற்கு மேல் ஒரு வெடிச் சத்தமும் கேட்டன.

ராய்ஸ் வண்டியை நேராக்கிக்கொண்டு ஓட்டினார்.

நெரிடா திரும்பிப் பார்த்தாள். பின்கண்ணாடி இருந்த இடத்தில் அட்டைதான் இருந்தது. பக்கக் கண்ணாடியில் வெறும் தூசி.

"நிறுத்து. அவங்களுக்கு என்னமோ ஆயிருக்கு."

"ஒண்ணும் ஆகல. நம்ம மேல ஒரு கல்லு கூடப் படல."

"நம்ம மேல படலேன்னா? அவங்க மேல?"

வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவை அவள் எடுத்துக் கூப்பிட்டாள். "வெள்ளை வண்டி, இப்பத்தான் உங்களக் கடந்தோம். நல்லா இருக்கீங்களா?" கரகரவென்ற சத்தம் மட்டும். இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட்டாள்.

"இங்க திருப்ப முடியாது நெரி. ஓரம் மணல். மாட்டிக்குவோம்."

"அப்போ கழட்டு. கேரவன விட்டுட்டுப் போவோம்."

"என்ன பேசுற?"

"நிறுத்தலேன்னா நான் கதவத் திறந்து இறங்கிடுவேன். சும்மா சொல்றேன்னு நெனைக்காத."

அவர் நிறுத்தினார். ஆனால் அந்தக் கேரவனைச் சீக்கிரமாகக் கழற்ற முடியவில்லை. வலையின் பன்னிரண்டு கொக்கிகளையும் எடுக்க வேண்டும், கீழே இறுக்கிய ரப்பர் தடுப்பை விலக்க வேண்டும், அதற்கப்புறம்தான் சங்கிலியும் இணைப்பும் கைக்கு எட்டும். நெரிடா ஒரு பக்கத்துக் கொக்கிகளை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். ராய்ஸ் மறுபக்கத்தில் குனிந்து, முகத்தை வேறெங்கோ திருப்பி வைத்துக்கொண்டு, விரல்களால் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தார். கொக்கி அவர் மூக்குக்கு நேராக இருந்தது.

அவள் அவரை விலக்கிவிட்டுத் தானே எடுத்தாள். பிறகு ஓட்டுகிறவரின் இருக்கையில் போய் ஏறிக்கொண்டாள். ராய்ஸ் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

வெள்ளை வண்டி பாதையை விட்டு இறங்கி, வறண்ட ஓடைக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாக நொறுங்கி உள்பக்கம் தொங்கியது. சக்கரத்தில் சாய்ந்து தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இடது கையை மார்போடு சேர்த்து வலது கையால் பிடித்திருந்தாள். கன்னத்திலும் கழுத்திலும் சிறு சிறு கீறல்களில் ரத்தம் காய ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் ஒரு செம்பட்டை நாய் நின்று ராய்ஸைப் பார்த்துக் குரைத்தது.

"அரை மணி நேரமாச்சு," என்றாள் அவள். "திரும்பி வரமாட்டீங்கன்னு முடிவே பண்ணிட்டேன்."

"வந்துட்டோம்மா. எங்க வலிக்குது?"

"தோள் எலும்பு. உள்ள நறநறங்குது. தொடாதீங்க."

அவள் பெயர் டெஸ்ஸா. வடக்கே ஒரு மாட்டுப் பண்ணையில் சமையல்காரி. பண்ணைக்குச் சாமான் வாங்க மரீக்குப் போய்க்கொண்டிருந்தவள். நெரிடா தன் சால்வையால் அவள் கையை மார்போடு கட்டினாள். முகத்தைத் தண்ணீரால் கழுவி, புருவத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித் துணுக்குகளை எடுத்தாள். ராய்ஸ் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு பேருமாக அவளைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். நாய் தானாக ஏறி அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

வில்லியம் கிரீக் போகும் வழியில், பாதையோரம் தனியாக நிறுத்தியிருந்த கேரவனைக் கடந்தார்கள். டெஸ்ஸா அதைத் தலை திருப்பிப் பார்த்தாள்.

"அதுல ஒரு கீறலாவது விழுந்துச்சா?"

"இல்ல," என்றாள் நெரிடா.

"ரொம்ப சந்தோஷம். இவ்வளவு மாட்டி வச்சிருக்கீங்க, எதிர்ல வர்றவளுக்கு என்ன மாட்டுவீங்க?"

வண்டி ஒரு கல்லில் ஏறி இறங்கியபோது டெஸ்ஸா பல்லைக் கடித்து முனகினாள். மூச்சு சீரானதும் மறுபடியும் பேசினாள்.

"பெரியவரே, நடு ரோட்ல வந்தீங்க. விளக்கு போட்டேன். என்னப் பாக்கவே இல்லையா நீங்க?"

வெயில் முகத்தில் அடித்தது என்று சொல்லலாம் என்று நெரிடாவுக்குத் தோன்றியது. வாயைத் திறக்கப் போனாள்.

"இல்லம்மா," என்றார் ராய்ஸ். "பாக்கல."

அவரே தொடர்ந்தார். "தூசி தெரிஞ்சுது. வண்டி தெரியல. நேராப் பாத்தா நடுவுல ஒண்ணும் இருக்காது எனக்கு. அழிச்ச மாதிரி இருக்கும். ஓரத்துல இருக்கிறதுதான் தெரியும்."

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் நெரிடா கேட்டாள். "எப்போலேருந்து?"

"போன வருஷம் கண்ணாடி உடைஞ்சப்பவே கொஞ்சம் இருந்துச்சு. பிப்ரவரியில கண் பரிசோதனைக்குப் போனேன். பெரிய டாக்டரப் பாக்குற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்கன்னாங்க. ஏப்ரல்ல தேதி குடுத்தாங்க. நான் ஆகஸ்டுக்கு மாத்தச் சொல்லிட்டேன். இந்தப் பயணம் முடியட்டும்னு."

"கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு அங்கதான் போனியா?"

"ஆமா." அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "கல்லப் பாத்து ஒதுங்க முடியல நெரி. அதான், பட்டாலும் தாங்குற மாதிரி பண்ணிடலாம்னு…"

பின்சீட்டிலிருந்து டெஸ்ஸாவின் குரல் வந்தது. "இதையெல்லாம் நீங்க அப்புறம் பேசிக்குங்க. எனக்கு இப்போ யாருக்காகவும் பரிதாபப்படத் தெம்பு இல்ல. மெதுவா ஓட்டுங்க."

நெரிடா மெதுவாக ஓட்டினாள்.

வில்லியம் கிரீக்கில் மதுக்கடைக்காரப் பெண் போன் செய்தாள்; ஒன்றரை மணி நேரத்தில், தூரத்து ஊர்களுக்குப் பறந்து வரும் மருத்துவரின் விமானம் வந்து இறங்கியது. காரை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது டெஸ்ஸா நெரிடாவைக் கூப்பிட்டாள்.

"பண்ணையிலேருந்து நாளைக்கு ஆள் வருவாங்க. அதுவரைக்கும் நாயப் பாத்துக்குங்க. பேரு பிக்கிள். ரொட்டி போடாதீங்க, வயிறு கெட்டுடும்."

ராய்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் விமானத் தளத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பொழுது சாயும் முன் உள்ளூர்க்காரர் ஒருவர் போய்க் கேரவனை இழுத்துவந்து விட்டார். அதன் வாசற்படியில் நெரிடா உட்கார்ந்தாள். நாய் அவள் காலில் தலையை வைத்துக்கொண்டது. ராய்ஸ் எதிரே நாற்காலியில்.

"பயந்துட்டேன்," என்றார். "வண்டி ஓட்டக்கூடாதுன்னா நான் என்ன பண்ணுவேன்னு பயம்."

"அது எனக்குப் புரியுது. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன் ராய்ஸ். இத்தன நாளா. பள்ளம்னு சொன்னா பாத்தேங்கிற. நானும் நம்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுதான் எனக்குப் புரியல."

"சொல்லியிருந்தா நீ என்னக் கிளம்பவே விட்டிருக்க மாட்ட."

"ஆமா, விட்டிருக்க மாட்டேன். இல்லேன்னா நான் ஓட்டியிருப்பேன். உனக்கு அது தோணவே இல்ல பாரு."

அவர் எழுந்து நாற்காலியை மடித்து வைத்தார்.

மறுநாள் பண்ணை ஆள் வந்து நாயைக் கூட்டிப் போனார்; பின்னாலேயே போலீஸ்காரர் வந்தார். ராய்ஸ் எதையும் மறைக்காமல், பிப்ரவரியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி, லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். எழுதிக்கொண்டிருந்த அந்த இளம் போலீஸ்காரர் ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டு நெரிடாவைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தார்ச் சாலை தொடங்கும் கூபர் பீடி ஊர் வரைக்கும் நூற்று அறுபது கிலோமீட்டர் மண் பாதையில் கேரவனை இழுத்துக்கொண்டு நெரிடாதான் ஓட்டினாள். முதல் ஒரு மணி நேரம் முப்பதைத் தாண்டவில்லை. எதிரே ஒவ்வொரு வண்டி வரும்போதும் ஓரத்தில் முழுவதுமாக நிறுத்திவிட்டு, அது கடந்து தூசி அடங்கிய பிறகுதான் எடுத்தாள். தன் பக்கத்தில் ராய்ஸின் வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை மிதித்து மிதித்து எடுப்பதை அவள் பார்த்தாள். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள்.

அடிலெய்டில் பெரிய டாக்டர் பார்த்தார். வலது கண்ணை ஊசி போட்டுப் போட்டு இப்படியே நிறுத்திவைக்கலாம் என்றார். இடது கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது. ஏப்ரலில் வந்திருந்தால் என்று தொடங்கியவர், ராய்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். கோர்ட்டில் நீதிபதி அந்த அளவுக்கு இரக்கம் காட்டவில்லை. ஏப்ரலைப் பற்றி இரண்டு தடவை கேட்டார்.

நெரிடா டெஸ்ஸாவுக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றாவதற்குப் பதில் வந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் பெரிய பாத்திரத்தைத் தூக்க இன்னும் கை வரவில்லை, பண்ணையில் வேறு சமையல்காரி வந்துவிட்டாள், தங்கை வீட்டில் இருக்கிறேன், பிக்கிள் சௌக்கியம் என்று நாலே வரி. மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை.

ராய்ஸ் சமையலறை மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, படிக்கச் சொன்னார். படித்தாள்.

"இன்னொரு தடவ," என்றார்.

இரண்டாவது முறை 'கை வரவில்லை' என்ற இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் ஒவ்வோர் எழுத்தாகத் தேட ஆரம்பித்தார். நெரிடா உதவிக்குப் போகவில்லை. அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை நின்றாள்.