ஈரத்தூள்

மகாராணி எழுந்திருக்கவில்லை. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. காம்பைப் பிழிந்து பார்த்தேன். பால் வரவில்லை. மஞ்சள் தண்ணீரும் திரிதிரியாக ஏதோவும் வந்தது. போன வாரம் செத்துப்போன செவலைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது கறவையில் இருப்பது இவள் ஒருத்திதான். இவளும் போனால் தொழுவத்தைப் பூட்டிவிட்டு நாங்கள் யார் வீட்டு மாட்டையாவது மேய்க்கப் போகவேண்டியதுதான்.

"எந்திரிம்மா, என் தங்கமில்ல" என்று கெஞ்சினேன். ஆத்திரம் தாங்காமல் முதுகில் ஒன்று போட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பகீரென்றது.

மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். கழுத்து நரம்பில் மருந்து ஏற்றினார். "மடியில கிருமி ஏறியிருக்கு. கீழ என்ன போட்டுப் படுக்க வைக்கிறீங்க?"

"மரத்தூள் சார். தினமும் மேல புதுசா தூவிடுவேன். பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமைதான் போங்கள். தூள் என் அண்ணனின் மர மில்லிலிருந்து தாய் வீட்டுச் சீர் மாதிரி லோடு லோடாக வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் மணல்தான் போடுவார். "இது தொழுவமா, பாலைவனமா?" என்று கேலி செய்தே அதை நிறுத்தியவள் நான். மனுஷன் மிச்ச மணலைப் பின்பக்கம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்.

"கையை உள்ள விடுங்க" என்றார் டாக்டர்.

விட்டேன். மேலே வெள்ளைவெளேர் என்று இருந்தது. ஒரு சாண் கீழே, வெந்நீர் அண்டாவில் கைவிட்ட மாதிரி சூடு. எடுத்தால் விரலெல்லாம் கறுப்பு, குடலைப் புரட்டும் நாற்றம்.

"ஈரத்தூளும் சாணியும் சேர்ந்தா கிருமிக்குக் கல்யாண விருந்து. நீங்க மடியைக் கழுவிக் கழுவி மறுபடி இதுலதான் படுக்க வைக்கிறீங்க. காஞ்ச மணல்ல அதுக்குத் தின்ன ஒண்ணும் கிடையாது. முதல்ல இவளை இங்கேருந்து நகர்த்துங்க. மணிக்கொரு தடவை மடியைக் கறந்து கொட்டுங்க. பொழுது சாயறதுக்குள்ள எழுந்துட்டா, பொழைச்சுக்குவா."

நேற்று முகம் வாடியிருக்கிறாளே என்று இவளுக்கு மட்டும் இரண்டு கூடை தூள் கூடுதலாகப் போட்டிருந்தேன்.

டாக்டர் அடுத்த வீட்டு மாட்டைப் பார்க்கக் கிளம்பினார். என் வீட்டுக்காரர் மணலைக் கொண்டுவந்து சுத்தமான மூலையில் பரப்பினார். மகாராணியின் அடியில் தார்ப்பாயைத் திணித்து இருவரும் இழுத்தோம். இம்மி நகரவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணனின் டிராக்டர் புது லோடோடு வந்து நின்றது.

ஓடிப்போய் கேட்டை மறித்தேன். "உள்ள கொண்டுவராத! உன் மில்லுல காஞ்ச தூளே இல்லையாண்ணா? ஏன் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுன? அதுல படுத்துத்தான் இவளுக்கு மடியில கிருமி ஏறியிருக்கு!"

அண்ணன் விழித்தான். "மில்லுல காஞ்சுதான் இருக்கும் பாப்பா. நான்தான் டியூப் வச்சு நல்லா நனைச்சுக் கொண்டாறேன். தூசி பறந்தா உனக்கு இளைப்பு வந்துடுமேன்னு..."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"மச்சான், அப்புறம் பேசிக்கலாம். இந்த முனையைப் பிடிங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

மூன்று பேருமாக இழுத்து மகாராணியை மணலில் சேர்த்தோம். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் முதுகுக்கு அண்டக்கொடுக்க இன்னும் மணலை வாரிக் கொட்டினான். புழுதி கிளம்பியது. எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு விசிலடித்தது. அவன் சட்டென்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் கையை விட்டான்.

"தெளிக்காத!" என்று அலறினேன். "நான் இருமிட்டுப் போறேன். தண்ணி மட்டும் தெளிக்காதண்ணா!"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றான். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மடிக்கு அருகே உட்கார்ந்து கறந்தேன். மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

"எந்திரிம்மா" என்றேன். அண்ணனும் சொன்னான், "எந்திரிம்மா."