நிழல் பார்த்துப் படுக்கவைத்தவன்

கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று காலையிலிருந்து கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த குப்புராஜுக்குக் கண் சொக்கியது. தாம்பரம் வானத்தில் பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் ரீங்காரம் நெருங்கி வரும், விலகிப் போகும். விலகும்போதெல்லாம் இவனும் கூடவே மிதந்து இரும்புலியூர் பாரின் பின்பக்கம் போய் இறங்கிவிடுவான். காலி பாட்டில் மூட்டைகள், முருங்கை மரம், சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருக்கும் சாலமன். காற்றில் முருங்கைப் பூ உதிர்ந்து அவன் சட்டைமேல் விழுந்துகொண்டே இருக்கும்.

"அண்ணா, தூங்கிட்டியா?"

செத்துப்போன சாலமனின் மனைவி அருள்மேரி. பள்ளிக்கரணையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"இல்லம்மா. சொல்லப் போறத உள்ளுக்குள்ள ஓட்டிப் பாத்துகினு கீறேன்."

"பாத்தத அப்டியே சொல்லுண்ணா, போதும். குடிச்சிட்டு தானா வுயுந்து செத்தான்னு எயுதிட்டாங்கன்னா, எம்பொண்ணு சினேகா காலம் பூரா அந்தப் பேச்சத்தான் கேட்டுகினு இருக்கணும்."

"நான் கீறேன்ல? நீ கம்முனு இரு."

பாரில் நாலு வருஷமாக அவன்தான் எல்லாம். சுண்டல் தாளிப்பது, மேசை துடைப்பது, குடித்து நினைவில்லாமல் மட்டையாகிறவர்களைத் தூக்கிப் பின்னால் கொண்டுபோய்ப் போடுவது. கடைசியில் சொன்ன வேலையை இவன் மாதிரி எவனும் செய்யமாட்டான். வாந்தி புரையேறாமலிருக்க ஒருக்களித்துப் படுக்கவைப்பான். செருப்பைக் கழற்றித் தலைக்கு வைப்பான். போனையும் சாப்பாட்டு டப்பாவையும் அடுப்பு மேடையில் எடுத்துவைத்து, ஆள் எழுந்து வந்து திருதிருவென்று முழிக்கும்போது கொடுப்பான். வெயில் நகர்ந்தால் ஆளையும் நிழலுக்கு நகர்த்துவான். ஒருத்தன் பொருள் தொலைந்தது கிடையாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

டவாலி பெயரைக் கூவினான். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தபோது தன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அவனுக்கே கேட்டது.

"யார் யாரை அடிச்சாங்க?" என்றார் அரசு வக்கீல்.

"தோ நிக்கறாரே சிட்டிபாபு, அவருதான் சார். சாலமன் திருமுடிவாக்கத்துல லேத்து ஓட்டறவரு. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு மத்தியானம் வந்து ஃபேனுக்குக் கீய உக்காந்தாரு. சிட்டிபாபு எப்பவும் உக்கார்ற சேரு அது. பார் கீற எடமே அவங்களுது சார். 'எங்க எடத்துல எவன்டா நீ'ன்னாரு. ரெண்டு பேருக்குமே போத. வாய்ச்சண்ட முத்திப்போயி, சட்டையப் புடிச்சி இஸ்து தலைய செவுத்து முனையில மொத்துனாரு. ரெண்டு தபா. அந்த சத்தம் இன்னும் காதுலயே கீது சார்."

அருள்மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், சொல்லியாயிற்று. குப்புராஜுக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஜாமீனில் வந்திருந்த சிட்டிபாபு வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுடைய வக்கீல் கஸ்தூரிரங்கன் எழுந்தார். வீட்டுக்கு வந்தவரை விசாரிப்பதுபோல் தணிந்த குரல்.

"அடிபட்ட உடனே சாலமன் என்ன பண்ணார், குப்புராஜ்?"

"எய்ந்து நின்னாரு சார். சட்டையத் தட்டிகினாரு. சிரிச்சாரு."

"சிரிச்சாரா!"

"ஆமா சார். தண்ணி கேட்டு வாங்கிக் குட்சாரு. கால்மணி நேரம் கய்ச்சி டேபிள்மேல சாஞ்சிட்டாரு. மட்ட ஆயிட்டாருன்னு நெனச்சேன்."

"ரத்தம்?"

"வெளிய ஒண்ணியும் தெரில சார்."

"அப்புறம் நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்க. தனியாவா?"

"தனியாத்தான் சார். கக்கத்துல கை குட்து."

"அப்ப கால் தரையில இழுபட்டிருக்கும். பின்பக்கம் படி இருக்கா?"

"மூணு படி கீது சார்."

"படுக்க வெச்சப்புறம் ஏதாவது தொட்டீங்களா?"

"வெயில் மூஞ்சிமேல வந்துகினே இருந்திச்சி சார். மூணு தபா நெயலுக்கு நகத்திப் போட்டேன்." இதை அவன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

"ஆம்புலன்சுக்கு போன்?"

"தூங்கற ஆளுக்கு எதுக்கு சார்?"

கஸ்தூரிரங்கன் நீதிபதியின் பக்கம் திரும்பினார். "யுவர் ஆனர், என் கட்சிக்காரர் தள்ளினதுக்கு அப்புறம் அந்த மனுஷன் எழுந்து நின்னு சிரிச்சிருக்கார். அவரை மூணு படி இறக்கி, மூணு தடவை இழுத்துப் போட்டது இந்த சாட்சி. மண்டையில அடி எப்ப பட்டுதுங்கறதுதான் கேள்வியே."

குப்புராஜுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "ஐயோ, தல தரையில படவேல்ல சார்! என் நெஞ்சுல சாச்சிகினுதான் போனேன்! கொயந்தய தூக்கற மாதிரி தூக்கினேன் சார்!"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி. தட்டச்சு செய்யும் பெண் விரல்களை மடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

வெளியே வந்தபோது வராந்தா தூணோரம் அருள்மேரி நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தேவலை.

"தூங்கறாருன்னு எத வெச்சிண்ணா நெனச்ச?"

"கொறட்ட வுட்டாரும்மா. நல்லா இய்த்து இய்த்து. நைட் ஷிப்ட் பாத்த ஆளு, பாவம், அசந்து தூங்கட்டும்னு..."

விமானம் மறுபடியும் தலைக்குமேல் வந்து விலகிப் போனது.

"பத்து வருஷம் பக்கத்துல படுத்துகினு இருந்தேன். அவரு ஒருநாளும் கொறட்ட வுட்டதில்லண்ணா" என்றாள்.

அப்படியானால் அது தூக்கமில்லை, உயிர் போகிற இழுப்பு. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

"யோவ் குப்புராஜு!" கான்ஸ்டபிள் சிவகுமார் படியிலிருந்து கூப்பிட்டார். "ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ. உன்னாண்ட விசாரிக்கணும்னு ஐயா சொல்றாரு."

"நான் சாட்சி சார்."

"அத அங்க வந்து சொல்லு."

ஜீப்பின் பின்பக்கம் ஏறி இரண்டு காவலர்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். வண்டி கிளம்பி, வாசலுக்கு வந்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றது. பின்னாலிருந்து சிட்டிபாபுவின் கார் வந்துகொண்டிருந்தது. அது வெளியேறி ஜிஎஸ்டி ரோட்டில் திரும்பும்வரை ஜீப் காத்திருந்தது.