வக்கீல் வைத்த டைமிங்

வக்கீல் ரசலையனுக்குக் கார் ஓட்டத் தெரியும், ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கத் தெரியாது. 1934 தை மாதத்தில் ஒருநாள், திருவனந்தபுரத்திலிருந்து வரும் வழியில் இரணியலுக்குப் பக்கத்தில் எஞ்சின் கொதித்து இறுகி நின்றுவிட்டது. காளைகள் பூட்டி இழுத்து நாகர்கோவில் கோட்டாற்றில் சைபுதீனின் பட்டறையில் கொண்டு விட்டார்கள்.

சைபுதீன் எஞ்சினைக் கடைசித் திருகாணி வரை பிரித்தான். மதராஸிலிருந்து புதுப் பிஸ்டன்கள் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. எல்லாம் பூட்டி, பிளக்குகளுக்கு முறைப்படி நெருப்புப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை வைப்பது மட்டும் பாக்கியிருந்த சனிக்கிழமை காலையில் வக்கீல் வந்தார். திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் அவருக்கு ஒரு நிலவழக்கு இருந்தது. கூடவே மனைவி லீலாபாயும் வந்திருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வக்கீலின் கையில் காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகம்.

சைபுதீன் முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டான்.

“வக்கீலய்யா, முன்னால உள்ள ஹாண்டில மெதுவா ஒண்ணு சுத்தித் தருவியளா?”

“என்னவே, வைத்தியன் நாடி பிடிக்குத மாதிரி பிடிக்கேரு? புத்தகம் இருக்கும்போ விரல் எதுக்கு? முதல் பிஸ்டன் மேல வரணும். எஞ்சின் சக்கரத்துல உள்ள அடையாளம் நேரா நிக்கணும். அவ்வளவுதான் எழுதியிருக்கான்.”

“பிஸ்டன் ரெண்டு தடவ மேல வருமாக்கும். ஒரு தடவ காத்த அமுக்கும், மறு தடவ புகையத் தள்ளும். அமுக்குத நேரத்துல பொறி விழணும். அது விரலுக்குத்தான் தெரியும்.”

“அடையாளம் ஒண்ணுதானே வே போட்டிருக்கான்? ரெண்டு தடவன்னா ரெண்டு போடமாட்டானா?”

சைபுதீனுக்குப் பதில் தெரியும். ஆனால் இங்கிலீஷ் தெரியாது. அதற்கு முன் பதினொரு எஞ்சின்களைப் பூட்டி ஓடவிட்டவன், வக்கீல் சொன்னபடியே அடையாளத்தை நேராக நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டரை வைத்து முறுக்கினான். பிளக்கையும் வயர்களையும் மாட்டிவிட்டு ஹாண்டிலைப் பிடித்தான்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”

வக்கீல், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர்மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் வெடி வெடித்தாற்போல ஒரு சத்தம். கார்புரேட்டர் வாயிலிருந்து சாண் நீளத்துக்கு நெருப்பு பாய்ந்தது. எதிர்க்கடையில் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்த மைமூன் பீவி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். புகை விலகியபோது வக்கீலுக்கு வலதுபக்கத்து மீசை இல்லை.

லீலாபாய் முதலில் அவர் முகத்தைத் தண்ணீரால் துடைத்தாள். தோல் லேசாகச் சிவந்திருந்ததே தவிரக் காயமில்லை. பிறகு புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். கிரீஸ் பட்டு இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. பிரித்து வாசித்தாள்.

“அடையாளத்தப் பாக்குததுக்கு முந்தி பிளக் துளைய விரலால அடைச்சுக்கிட்டு எஞ்சினச் சுத்தணும், காத்து விரலத் தள்ளும்போதான் நிறுத்தணும்னு போட்டிருக்கு.”

சைபுதீன் சிரிக்கவில்லை, அது எவ்வளவு கஷ்டம் என்பது அவனுக்குத்தான் தெரியும். முதல் பிளக்கை மறுபடி கழற்றிவிட்டு, குனிந்து ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டான்.

“டீச்சரம்மா, நீங்க விரல வைக்கியளா?”

லீலாபாய் வளையலை மேலே ஏற்றிவிட்டுத் துளையில் பெருவிரலை வைத்தாள். சைபுதீன் மெதுவாகச் சுற்றினான். ஒரு முழுச்சுற்று ஒன்றுமில்லை. அடுத்ததில் அவள் முகம் மலர்ந்தது.

“தள்ளுது! விரலத் தள்ளுது!”

இன்னும் கொஞ்சம் நகர்த்தி அடையாளத்தில் நிறுத்தினான். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, உள்ளே சுழலும் முள்ளை எதிர்ப்பக்கமாகத் திருப்பி மறுபடி இறக்கினான். பிளக்கை மாட்டிச் சுற்றினான். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டு சீராக ஓடியது.

“நான் வாசிச்சதுவரைக்கும் சரியாத்தான் வாசிச்சேன்” என்றார் வக்கீல்.

மிச்சமிருந்த மீசையை அன்றே மழித்தார். திங்கட்கிழமை திருவனந்தபுரம் கோர்ட்டுக் கச்சேரி வாசலில், கருங்கலிலிருந்து வந்திருந்த கட்சிக்காரர் ஞானையன் அவரிடமே வந்து, “நம்ம வக்கீல எங்கயாவது கண்டியளா?” என்று கேட்டார். தான்தான் வக்கீல் என்று அவரை நம்பவைப்பதற்குள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எதிர்க்கட்சி வக்கீல் பத்திரத்தின் முதல் தாளைக் காட்டி வாதாடினார். ரசலையன் எழுந்தார். பத்திரத்தை ஒரு தாளோடு நிறுத்திவிட்டு அடுத்த தாளைப் புரட்டாமல் கச்சேரிக்கு வருகிறவர்களை என்னவென்று சொல்வது என்று அரைமணி நேரம் முழங்கினார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த லீலாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தீர்ப்பு ஞானையனுக்குச் சாதகமானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையாரிடம் வக்கீல் விளக்கினார். இந்த ஊர்ப் பட்டறைக்காரர்களுக்குப் பொறி விழும் நேரத்தைக் குறிக்கும் டைமிங் வைக்கத் தெரியாது, சைபுதீன் ஒருத்தனுக்குத் தெரியும், அதுவும் தான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்ததால் என்றார்.

மறுவாரம் ஒரு டாக்டர் தன் காரோடு பட்டறைக்கு வந்தார்.

“வக்கீல் பழக்கிவிட்ட ஆளு நீருதானா?”

“ஆமா” என்றான் சைபுதீன். மழைக்காலத்துக்குள் நாகர்கோவில் கார்களில் பாதி அவனிடம் வந்துவிட்டன.